காரணத்துக்கு இரண்டு பாயிண்ட்

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் எங்கள் பத்தாம் வகுப்பைத் தாண்டிப் போகிறவர்கள் உள்ளே அடிதடி என்றுதான் நினைப்பார்கள். பக்கத்து வகுப்பில் கணக்கு எடுக்கும் சார் ஒருநாள் பதறிப்போய் வாசலுக்கே வந்துவிட்டார். "ஒண்ணுமில்ல சார், எம்.எல்.ஏ.வுக்கு முன்னாடி 'எ' போடுறதா, 'ஆன்' போடுறதான்னு தகராறு" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அதற்குள் பின்பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து நின்று, "எம் எங்க டீச்சர் வவல்? அது கான்சனன்ட்டு!" என்று கத்த, எதிரணிப் பெண்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஆங்கில இலக்கணத்துக்காக மல்லுக்கு நிற்கிற பிள்ளைகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் வாராவாரம் பார்க்கிறேன். சம்பளம் இல்லாமல்கூட அந்த ஒரு பீரியடுக்கு வருவேன். (தலைமையாசிரியர் இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். இலக்கணத்தை வினாடி வினாவாகத் திருப்பிப் பார்ப்பது பற்றி யார் கிடைத்தாலும் பேசுவேன். தஞ்சாவூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கண்டியூரிலேயே இறங்கிவிடலாமா என்று யோசிக்கிற அளவுக்குப் பேசுவேன். இன்று உங்கள் முறை.

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாள் நூறு மதிப்பெண். 35 எடுத்தால் பாஸ். முதல் பகுதியில் வரும் 14 ஒரு மதிப்பெண் கேள்விகள் முழுக்க அடிப்படைதான்: ஒரே பொருள் தரும் சொல், எதிர்ச்சொல், பன்மை, முன்னொட்டு பின்னொட்டு, சுருக்கத்தின் விரிவு, ஃப்ரேசல் வெர்ப், கூட்டுச்சொல், பிரிபொசிஷன், டென்ஸ், இணைப்புச்சொல். தட்டுத் தடுமாறிப் படிக்கிற பிள்ளைக்குக் கரையேறத் துடுப்பு இந்தப் பகுதிதான். இதற்கு வழக்கமாக நடக்கிற ரிவிஷன் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கைடைப் பிரி, பத்துத் தடவை எழுது, ஒப்பி. திங்கட்கிழமை மணியாகச் சொன்ன பிள்ளை வியாழக்கிழமை விழிக்கும். மறுபடியும் பத்துத் தடவை எழுது. எழுதி எழுதிக் கையெழுத்துதான் திருந்துகிறது, இலக்கணம் அப்படியே இருக்கிறது.

எங்கள் விளையாட்டுக்குச் செலவு கிடையாது. கிழித்துப்போட்ட தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கம் கேள்வி எழுதி மடித்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். வகுப்பில் ஐந்து அணி. தஞ்சாவூரிலிருந்து ஊருக்கு வரும்போது பஸ் ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டுகிற ஆறுகளே அணிகளின் பெயர்: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. பெயர் வைத்தது பிள்ளைகள். காவிரி அணிக்கு வர எல்லாரும் அடித்துக்கொண்டதால் சீட்டுக் குலுக்க வேண்டியதாயிற்று. ஒரு அணிக்குத் தெரியவில்லை என்றால் கேள்வி அடுத்த ஆற்றுக்குப் போகும். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. சரியான விடைக்கு ஒரு பாயிண்ட். ஏன் அதுதான் விடை என்று காரணம் சொன்னால் இன்னும் இரண்டு.

இந்தக் கடைசி விதியில்தான் எல்லாமே இருக்கிறது. விடையை யாரும் குருட்டாம்போக்கில் அடித்துவிடலாம். 'எ'வா, 'ஆன்'ஆ என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. காரணத்தை அப்படி அடிக்க முடியாது. இன்னொரு சங்கதியும் உண்டு. விடையைத் தப்பவிட்ட அணிகூட, அடுத்த அணி சொல்கிற காரணத்தில் ஓட்டை கண்டுபிடித்தால் அந்த இரண்டு பாயிண்டைப் பறித்துக்கொள்ளலாம். அதனால் ஐந்து அணிகளும் எல்லாக் கேள்விக்கும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

எம்.எல்.ஏ. தகராறைச் சொல்கிறேன், கேளுங்கள். 'ஆன் எம்.எல்.ஏ.'தான் சரி என்று குடமுருட்டி சொல்லி ஒரு பாயிண்ட் வாங்கிவிட்டது. காரணம்? அணியில் அதிகம் பேசாத ஒரு பெண், கரும்பலகைக்கு வந்து தமிழில் எழுதினாள்: எம். "எ உயிரெழுத்து டீச்சர். இங்கிலீஷ்ல எழுதிப் பாத்தா குழப்பும். தமிழ்ல எழுதிப் பாத்தா உயிரெழுத்துல ஆரம்பிச்சா ஆன், உயிர்மெய்யில ஆரம்பிச்சா எ." எனக்குப் புல்லரித்துவிட்டது. எந்த கைடிலும் இது இல்லை! சோதித்தோம். மணியைக் குறிக்கும் 'அவர்' எழுத்தில் ஹெச்சோடு தொடங்கினாலும் தமிழில் அ, ஆகவே ஆன். யூனிவர்சிட்டி யூவோடு தொடங்கினாலும் தமிழில் யூ உயிர்மெய், ஆகவே எ. அம்பர்லா, ஆன். யூனிஃபார்ம், எ. ஆனஸ்ட், ஆன். வகுப்பே மயங்கி நிற்கும்போது வெட்டாற்றுப் பையன் கையைத் தூக்கினான். "அப்ப ஒரு ரூபா நோட்டு? ஒன் ருப்பி நோட். ஒ உயிரெழுத்துதானே, ஆன் வரணுமே? புக்ல எ ஒன் ருப்பி நோட்னு இருக்கு." ஓட்டை விழுந்துவிட்டது. குடமுருட்டி ஒரு நிமிஷம் திணறியது. பிறகு அதே பெண், "வாயில வர்றது வன் டீச்சர். உதட்டைக் குவிச்சுத்தானே சொல்றோம். நாமதான் தமிழ்ல ஒன்னு தப்பா எழுதுறோம்" என்றாள். எழுத்து இல்லை, ஒலிதான் கணக்கு என்ற விதியை ஐந்து வருஷமாக நான் போர்டில் எழுதிப் போடுகிறேன். அன்றைக்குத்தான் அது வகுப்புக்குள் வந்தது. இருவருக்கும் இரண்டிரண்டு பாயிண்ட் கொடுத்தேன். கணக்கு சார் அதுவரைக்கும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

இன்னொரு நாள் 'மெனி'யா, 'மச்'சா என்ற கேள்வி. ரைஸ் எண்ண முடியாத பெயர்ச்சொல், அதனால் மச் வரும் என்றது வெண்ணாறு. வடவாற்றுப் பையன் ஒப்புக்கொள்ளவில்லை. "எங்க வீட்ல எண்ணுறோமே டீச்சர்! கொள்முதல் நிலையத்துல எங்கப்பா அறுபது சிப்பம் போட்டாரு." நெல் விளைகிற ஊரில் இதற்கு என்ன பதில் சொல்வது? ஒரு விவசாயி மகளே சொன்னாள்: "நீங்க எண்ணுனது சாக்கைடா. நெல்லை எடைதான் போடுவாங்க. சாக்கு ஒண்ணுக்கு நாப்பது கிலோ." மெனி பேக்ஸ், மச் ரைஸ். எதை எண்ணுகிறோம், எதை அளக்கிறோம் என்பதைக் களத்துமேட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கிருந்து பால், அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர் என்று போனது. ஃபர்னிச்சருக்குப் பின்னால் எஸ் போடக்கூடாது என்று தெரிந்த நாளிலிருந்து பிள்ளைகள் கடைத்தெருவில் போர்டு போர்டாகப் படித்துப் பிழை பிடித்துக்கொண்டு வருகிறார்கள். எந்தெந்தக் கடை என்று இங்கே சொல்ல மாட்டேன், வியாபாரம் அவரவர் பாடு. ஆனால் திருத்தி எழுதிக்கொண்டு வருகிற போர்டு ஒன்றுக்கு ஒரு பாயிண்ட் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது தலைகீழ்ச் சுற்று. அமெரிக்காவில் 1964-இல் தொடங்கிய 'ஜெப்பர்டி' என்ற தொலைக்காட்சிப் போட்டியில் விடையைச் சொல்லிவிடுவார்கள், கேள்வியைப் போட்டியாளர் கேட்க வேண்டும். இதை யோசித்தவருக்குத் திருவையாற்றில் ஒரு சிலை வைக்கலாம். நம் பிள்ளைகளுக்குப் பதில் எழுத வரும், கேள்வி கேட்க வராது. 'வேர் யூ ஆர் கோயிங்' என்று பட்டம் வாங்கியவர்களே கேட்கிறார்கள். நான் கொடுத்த விடை: 'இன் 1847'. தியாகராஜர் சமாதியான ஆண்டு; ஆராதனை நடக்கிற ஊர்ப் பிள்ளைகளுக்கு அது தெரியும். காவிரி அணி எழுந்தது: "வென் தியாகராஜா டைட்?" தப்பு. வடவாறு: "வென் டிட் தியாகராஜா டைட்?" கிட்டே வந்துவிட்டது. வெண்ணாறு: "வென் டிட் தியாகராஜா டை?" சரி! காரணம்? "டிட் வந்துட்டாலே பாஸ்ட் அங்க முடிஞ்சுபோச்சு டீச்சர். அப்புறம் வெர்புக்கு எதுக்கு இன்னொரு தரம்?" இதைவிடச் சுருக்கமாக ரென் அண்ட் மார்ட்டினில்கூட இல்லை.

அடுத்து விடை: 'தியாகராஜர்'. டிட் இப்போது எல்லாருக்கும் பழகிவிட்டது, உற்சாகமாக "ஹூ டிட் காம்போஸ்" என்று ஆரம்பித்தார்கள். இல்லை. 'ஹூ காம்போஸ்ட் தி பஞ்சரத்ன கிருதிஸ்?' அவ்வளவுதான், டிட் கிடையாது. ஏன் கிடையாது? அன்றைக்கு யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. பாயிண்டை டின்னிலேயே போட்டு வைத்தேன். திங்கட்கிழமை காலை பிரேயருக்கு முன்னாலேயே ஒருவன் என்னை மறித்தான்: "செஞ்சவர் யாருன்னே கேக்குறப்ப டிட் வராது டீச்சர். அவர் செஞ்ச வேற ஏதாவதைக் கேட்டாத்தான் வரும்." சனி ஞாயிறு இரண்டு நாளும் ஒரு பையன் துணைவினையை மண்டையில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான். இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

எழுத்துக்கூட்டல் சுற்று விறுவிறுப்புக்கு. ஏ, இ, ஐ, ஓ, யூ ஐந்தும் இல்லாத ஒரு சொல் சொல்லுங்கள் என்றேன். சாயங்காலம் தவில் கற்றுக்கொள்ளப் போகிற பையன் எழுந்து, மேசையில் தட்டிக்கொண்டே ஆர், ஹெச், ஒய், டி, ஹெச், எம் என்று 'ரிதம்' சொன்னான். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு அடி. பரீட்சையில் எவன் அதை மறப்பான்? கம்ப்யூட்டர் கீபோர்டின் மேல்வரிசையை மட்டும் வைத்து 'டைப்ரைட்டர்' என்று அடித்துவிடலாம் என்பது டைப்பிங் கிளாஸ் போகிற பிள்ளைகளைத் துள்ள வைத்தது. 'புக்கீப்பர்' என்ற சொல்லில் மூன்று ஜோடி இரட்டை எழுத்து அடுத்தடுத்து வரும். 'க்யூ'வை ஐந்து எழுத்தில் எழுத வேண்டும், உச்சரிக்க முதல் எழுத்தே போதும். இவை தேர்வுக்கு வராது. வராவிட்டால் என்ன, டின்னைத் திறக்கும்போது பிள்ளைகள் முன்னால் நகர்ந்து உட்கார்கிறார்களே!

அணியிலக்கணத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு சலுகை இருக்கிறது, அதை நாம் பயன்படுத்துவதே இல்லை. உவமையும் உருவகமும் தமிழம்மா வகுப்பில் ஏற்கெனவே முடிந்த பாடம். சிமிலி, மெட்டஃபர் என்று புதிதாக நடத்துவானேன்? 'போல' இருக்கிறதா, இல்லையா என்று கேட்டால் போதும். பெர்சானிஃபிகேஷனுக்குப் பாடநூலிலேயே கிப்ளிங்கின் இயந்திரங்கள் பற்றிய கவிதை இருக்கிறது. 1911-இல் பள்ளி வரலாற்றுப் புத்தகம் ஒன்றுக்காக எழுதியது. அதில் இயந்திரமே 'நாங்கள்' என்று பேசும். "நம்ம ஊர் அறுவடை மெஷின் பேசினா என்ன சொல்லும்?" என்று கேட்டேன். ஒவ்வொரு அணியும் ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். வெட்டாறு எழுதியது: மழை வந்தால் நான் சேற்றில் அழுவேன். அழகா இல்லையா? வாக்கியத்தில் இரண்டு பிழை இருந்தது. அவற்றை எடுத்துச் சொன்னது காவிரி அணி, நான் அல்ல.

வினாடி வினா ஒன்றும் நேற்று முளைத்ததில்லை. கல்கத்தாவில் நீல் ஓபிரையன் 1967-இல் நடத்தியதைத்தான் இந்தியாவின் முதல் பொதுப் போட்டி என்பார்கள். போர்ன்விட்டா போட்டி 1972-இல் வானொலியில் தொடங்கி, பிறகு தொலைக்காட்சிக்கு வந்தது. சித்தார்த்த பாசுவின் 'குவிஸ் டைம்' 1985-இல் தூர்தர்ஷனில். ஆனால் இவை எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கான மேடை. தெரியாதவனையும் சேர்த்து உட்கார வைக்கிற வகுப்பறைப் போட்டியை யாரும் ஒளிபரப்புவதில்லை. எனக்கென்னவோ இதுதான் பெரிய போட்டி என்று தோன்றுகிறது.

வெறும் உற்சாகத்தில் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிகி என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழு ஒரு பாடத்தை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்த குழுவுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்த குழுவுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலவரம் தலைகீழ்: படித்த குழு 40, எழுதிப் பார்த்த குழு 61. திங்கள் மணியாகச் சொல்லி வியாழன் விழிக்கிற பிள்ளையின் மர்மம் எனக்கு இதைப் படித்தபோதுதான் விளங்கியது. கேள்வி கேட்பது படித்ததை அளக்க மட்டுமல்ல. பதிலைத் தேடி வெளியே இழுக்கும்போதுதான் அது பதிகிறது. டின்னுக்குள் கைவிடும் ஒவ்வொரு தடவையும் அதுதான் நடக்கிறது.

கம்ப்யூட்டரில் விளையாடலாமே என்று கேட்பார்கள். அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்துவிட்டது, நார்வேக்காரர்கள் உருவாக்கிய 'கஹூட்' மாதிரி செயலிகளும் இருக்கின்றன. நானும் பயன்படுத்துகிறேன், பிள்ளைகளுக்கு அந்த இசையும் கலரும் கொள்ளை ஆசை. ஆனால் அங்கே முந்திக்கொள்கிற விரலுக்குத்தான் மதிப்பெண். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை, ஒன்றைத் தொடு, அடுத்தது. ஏன் என்று கேட்க இடமே இல்லை. என் ஓட்டு பிஸ்கட் டின்னுக்குத்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் உஷாராக இருக்க வேண்டும். விட்டால் கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு பேரே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். அதற்காக அணியில் ஒவ்வொருவருக்கும் எண் உண்டு. எந்த எண் எழ வேண்டும் என்று இன்னொரு சீட்டு சொல்லும். அணி ஒரு நிமிஷம் கூடிப் பேசிக்கொள்ளலாம், ஆனால் வாய் திறப்பது அந்த எண்தான். தனக்கு எப்போது வரும் என்று தெரியாததால் கெட்டிக்காரன் பக்கத்திலிருப்பவனுக்குச் சொல்லிக்கொடுத்தே ஆகவேண்டும். ரகசியமாக, அவசரமாக, தமிழிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த ஒரு நிமிஷக் குசுகுசுப்பில் நடக்கிற டியூஷனுக்கு வெளியே ஆயிரக்கணக்கில் பணம் கேட்பார்கள்.

"நமக்கெல்லாம் இங்கிலீஷ் எங்க டீச்சர் வரும்" என்று ஒரு புலம்பல் எப்போதும் உண்டு. அதற்கென்றே ஊர்ச் சுற்று ஒன்று வைத்திருக்கிறேன். தஞ்சாவூர் மன்னர் ஒருவர் தன் ஆசிரியரின் கல்லறைக்கு ஆங்கிலத்தில் கவிதை எழுதினார், யார்? இரண்டாம் சரபோஜி. ஆசிரியர் ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ், 1798-இல் இறந்தவர். வெள்ளிநாக்குப் பேச்சாளர் என்று வெள்ளைக்காரர்களே புகழ்ந்த ஆங்கிலம் யாருடையது? 1869-இல் வலங்கைமானில் பிறந்து, கும்பகோணத்தில் படித்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த சீனிவாச சாஸ்திரியுடையது. வலங்கைமான் என்றதும் பாட்டி ஊர் என்று ஒரு பெண் குதித்தாள். இந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு வராத இங்கிலீஷா!

பரிசு என்னவென்று சொல்லவில்லையே. மாதக் கடைசியில் ஜெயித்த ஆற்றுக்குக் கடைத்தெருவிலிருந்து நெய் சொட்டச் சொட்ட அசோகா. பாசிப்பருப்பில் கிண்டுகிற அந்த இனிப்புக்குத் திருவையாறு பேர்போனது. தோற்ற அணிகளுக்கும் ஆளுக்கு ஒரு வாய் போய்விடும். ஜெயித்த பிள்ளைகளே கொடுத்துவிடுகிறார்கள். அசோகா எண்ணக்கூடியதா, கூடாததா என்று கேட்டு அதிலும் இரண்டு பாயிண்ட் பிடுங்கப் பார்த்தவன் ஒருவன் உண்டு. கொடுத்தேன்.

ஆங்கில ஆசிரியர்களே, பத்தாவதில் பிள்ளை வைத்திருக்கிற அம்மா அப்பாக்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். இந்த வெள்ளிக்கிழமையே ஒரு டின்னைத் தேடுங்கள். கேள்வி இருபது போதும், கைடிலிருந்தே எடுங்கள், வீட்டில் அண்ணன் தங்கை இரண்டே பேர் என்றாலும் நடத்தலாம். சத்தம் வரும், வரட்டும். விடைக்கு ஒரு பாயிண்ட், காரணத்துக்கு இரண்டு: இதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.